கமராவுக்கு அம்மா சொன்னது

லூயிஷம்
2 பெப்ரவரி 2025

அம்மா,

இதை ரஞ்சனா அன்ரியின்ர கையிலை குடுத்துவிடுறன். நீங்கள் தைக்கக் குடுத்த பிளவுஸுக்குள்ளை வைச்சுத் தருவா. மூண்டு வருஷமா ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்திட்டு, முதல் கடிதமே சண்டைக்கு எழுதுறன். பதினொரு வயசோடை பள்ளிக்கூடத்திலை விட்ட தமிழ். பிழை இருந்தால் இருக்கட்டும்.

நேற்று, படம் எடுக்கப் படிக்கிற என்ர சிநேகிதி விதுஷா தன்ர படத்தைப் போட்டுக் காட்டினவ. நான் யூனிவேர்சிற்றிக்கு வந்து சேந்த கதையை டொக்கியுமென்ரரியா எடுத்திருக்கிறா. அப்பா என்னை வீட்டாலை கலைச்ச காலமை கெமிஸ்றி சோதினைக்குப் போகாமல் விட்டது, சிநேகிதி மெலனி வீட்டு சோபாவிலை படுத்தது, கொலிஜிலை திரும்பப் படிச்சது, நீங்கள் வைச்ச பெடியன் பேரைக் கோசிகா எண்டு மாத்திப் பதியச் சொல்லி ஒவ்வொரு மேசையா நிண்டது, கடைசியிலை எக்ஸ்ரே படிப்புக்கு இடம் கிடைச்சது எல்லாம் வருது. பாக்க எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்தது. அப்பதான் நீங்கள் வந்தியள்.

ரஞ்சனா அன்ரியின்ர தையல் மெசினுக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருக்கிறியள். "எனக்கு அப்பிடி ஒரு பிள்ளை இல்லை. செத்திட்டுது எண்டு நினைச்சுத் தலை முழுகியாச்சு" எண்டு சொல்லுறியள். குரல் கூட நடுங்கேல்லை. நீங்கள் கதைச்சதை விதுஷா எனக்கு முதலே சொல்லேல்லை. தாயின்ர பக்கமும் வேணும்தானே எண்டு கேக்கிறா.

எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. கிழமைக்குக் கிழமை ரஞ்சனா அன்ரி எனக்குச் சாப்பாடு தாறா. தான் சமைச்சதாம். அவ வைக்கிற குழம்பு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? போன மாதம் வந்த கூழ் உங்கட கைதான். அப்ப இதிலை ஆர் பொய்? கமராவுக்கு முன்னாலை இருந்த அம்மாவோ, கூழ் காய்ச்சின அம்மாவோ?

இனி ஒண்டும் அனுப்ப வேண்டாம். செத்த ஆளுக்கு வருஷத்துக்கு ஒருக்காப் படைச்சால் போதும்.

கோசிகா

•

ஈஸ்ட் ஹாம்
9 பெப்ரவரி 2025

பிள்ளைக்கு,

உனக்கு விசரே? கடிதம் எழுதிறியே? வாயாலை சொன்னதை இல்லை எண்டு சொல்லலாம், எழுத்திலை இருக்கிறதை என்ன செய்யிறது? வாசிச்ச கையோடை கிழிச்சு டொய்லெட்டுக்குள்ளை போட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டன். நீயும் இதை அப்பிடியே செய். போன் இதைவிட மோசம், அதிலை எல்லாம் நிக்கும். அதாலைதான் நானும் இந்தக் கோதாரியைப் பேனை பிடிச்சு எழுத வேண்டிக் கிடக்கு.

செத்த ஆளுக்குப் படைக்கிற கதை எழுதியிருக்கிறாய். நல்லா இருக்கு. அதை வாசிச்சிட்டு நான் வேலை செய்யிற ஸ்கூல் கிச்சினிலை வெங்காயம் வெட்டப் போனன். அழுதாலும் ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு.

இப்ப சொல்லுறதைக் கேள். நீ ஸ்டூடன்ட் லோன் எடுக்கேக்கை, தாய் தேப்பனோடை ஒரு தொடர்பும் இல்லை எண்டு சொல்லித்தானே எடுத்தனி? அது உண்மையும்தானே. ரஞ்சனா எனக்கு அப்பவே விளங்கப்படுத்தினவ. தொடர்பு இருக்கெண்டு தெரிஞ்சால் உன்னைத் தனி ஆள் எண்டு போட்ட கணக்கை வெட்டிப்போட்டு, அப்பாவின்ர சம்பள விபரத்தைக் கேப்பினம். அவர் குடுப்பாரே? அதோடை உன்ர படிப்பு முடிஞ்சுது. அதாலைதான் நான் உனக்கு ஒரு போன் எடுக்கேல்லை. ரஞ்சனா சமைச்சது எண்டு சொல்லச் சொன்னதும் நான்தான்.

உனக்கு அப்பாவின்ர கேஸ் கதை தெரியாது. அவர் 2005இலை இஞ்சை வந்து அகதி எண்டு அசைலம் கேட்டவர். வீட்டோடை கதைக்கிறதே இல்லை, கதைச்சால் அங்கை இருக்கிற ஆக்களுக்கு ஆபத்து எண்டு லோயர் எழுதிக் குடுத்தவர். மனிசன் அதைப் பாடமாக்கிக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனது. உள்ளை இருந்த பொம்பிளை நல்லாச் சிரிச்சுக் கதைச்சாவாம். பிள்ளை இருக்கோ எண்டு கேட்டாவாம். இவருக்கு வாய் நிக்கேல்லை. "ஓம், ரெண்டு வயசு. போன கிழமைதான் போனிலை அப்பா எண்டு கூப்பிட்டது" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டு வந்தார். கேஸ் றிஜெக்ட். பிறகு அப்பீல், அது இது எண்டு இழுபட்டு, நாங்கள் பிளேன் ஏறேக்கை உனக்குப் பதினொரு வயசு. நீ அப்பாவைக் கண்டு எனக்குப் பின்னாலை ஒளிச்சனி.

அந்தப் பெட்டை விதுஷா கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்கட பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ அன்ரி எண்டு சிரிச்சுக்கொண்டு கேக்க, எனக்கு அப்பாவின்ர அந்த இன்டர்வியூதான் நினைவுக்கு வந்தது. அதே கேள்வி, அதே சிரிப்பு. இதை ஆர் ஆர் பாப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்? லோன் குடுக்கிறவனும் வீட்டை போய் ரிவி பாப்பான்தானே. அதாலை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னன். உன்ர முகம் நினைவுக்கு வந்தால் குழம்பிப்போவன் எண்டு, சுவரிலை தொங்கின அளவு நாடாவைப் பாத்துக்கொண்டு சொன்னன்.

செத்திட்டுது எண்டது அதிகப்படிதான். கேஸ் பலமா இருக்கட்டும் எண்டு வாயிலை வந்திட்டுது.

சாப்பாடு வரும். வேண்டாம் எண்டால் றோட்டிலை கொட்டு.

அம்மா

•

லூயிஷம்
16 பெப்ரவரி 2025

அம்மா,

உங்கட கடிதத்தை பஸ்ஸிலை வைச்சு வாசிச்சிட்டு இறங்க வேண்டிய இடத்தை விட்டிட்டன். பக்கத்திலை இருந்த மனிசி கண்ணைத் துடைக்க எனக்கு ரிஷு எடுத்துத் தந்தது. கிழிக்கேல்லை. கிழிக்க ஏலாது, ஏசாதேங்கோ.

அம்மா, படம் எண்டது கேஸ் இல்லை. நீங்கள் சொன்னதை ஆரும் கோப்பிலை வைக்கப் போறதில்லை. எங்கட ஆக்கள்தான் பாப்பினம். ஏப்ரலிலை விதுஷா ஈஸ்ட் ஹாமிலையே ஒரு ஹோல் எடுத்துப் படத்தைப் போடப் போறாவாம். கோயிலுக்கு வாற சனம், அப்பாவின்ர கடைக்கு வாற சனம், உங்களோடை வேலை செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் அப்பிடிச் சொல்லுவியள். நான் பாவம் எண்டும் நீங்கள் பேய் எண்டும் கதைச்சுக்கொண்டு எழும்பிப் போவினம்.

நான் விதுஷாவுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டன். அவ துள்ளிக் குதிக்கிறா. இதுதான் படம், இதைத்தான் நான் தேடினனான் எண்டு நிக்கிறா. நீங்கள் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து ரஞ்சனா அன்ரியிட்டைக் குடுக்கிறதை எடுக்க வேணுமாம். ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள் எண்டு நீங்களே இன்னொருக்காச் சொல்ல வேணுமாம்.

நானும் அதைத்தான் கேக்கிறன். சொல்லுங்கோ அம்மா. லோன் போனால் போகட்டும், நான் வேலை செய்து படிக்கிறன். எல்லாரும் என்ர தைரியத்தைப் பற்றிக் கதைக்கினம். எனக்கு அந்தப் புகழ் வேண்டாம். எனக்கு என்ர அம்மா வேணும், அவ்வளவுதான். நீங்கள் என்னை உங்கட பிள்ளை எண்டு ஒருக்காச் சொல்லி, அதை நாலு பேர் கேக்க வேணும். இதைக் கேக்கிறது கூடாதே?

கோசிகா

•

ஈஸ்ட் ஹாம்
20 பெப்ரவரி 2025

பிள்ளை,

வேலை செய்து படிக்கிறாவாம். கண்டறியாத கதை. ஹொஸ்பிற்றலுக்குப் பயிற்சிக்குப் போகேக்கை காலமை போனால் பின்னேரம்தான் வாறனி எண்டு ரஞ்சனா சொன்னவ. எப்ப வேலை செய்வாய், எப்ப படிப்பாய், எப்ப நித்திரை கொள்ளுவாய்? முதல் சோதினையை அப்பா கெடுத்தார். இந்தப் படிப்பை நான் கெடுக்க வேணுமே? அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

எனக்கு நல்ல பேர் என்னத்துக்கு? வைச்சுக் கறி சமைக்கவே? சனம் ஒரு மாதம் கதைக்கும், பிறகு ஆரின்ரயும் மகள் ஆரோடையோ ஓடினால் அதைக் கதைக்கப் போயிடும்.

சொன்னதை மாத்த மாட்டன். மாத்தினால் முதல் சொன்னதும் பொய், பிறகு சொன்னதும் பொய் எண்டுதான் எடுப்பினம். இது நான் பட்டுப் பழகினது. நீ அந்த விதுஷாவுக்கு வடிவாச் சொல்லு, துள்ளிக் குதிக்கிறதெண்டால் தன்ர படிப்பிலை குதிக்கட்டும்.

அப்பாவுக்கு ஒரு சொல்லும் போகக் கூடாது. ரகசியம் தெரிஞ்சால் அந்த மனிசனுக்கு வயிறு ஊதிப்போகும். கோவிப்பார், பிறகு அழுவார், பிறகு கடைக்கு மரக்கறி வாங்க வாறவைக்கெல்லாம் சொல்லுவார்.

நீ கேட்டது கூடாத கேள்வி இல்லை. நீ என்ர பிள்ளைதான். இதை எழுதினதே பிழை, ஆனால் எழுதிட்டன். இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. நீ படிச்சு முடிச்ச அண்டைக்கு ஹை ஸ்றீட்டிலை, அந்த நகைக்கடையள் இருக்கிற பக்கமா, உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடப்பன். பாக்கிறவன் பாக்கட்டும்.

அம்மா

•

லூயிஷம்
3 மார்ச் 2025

அம்மா,

யூனியிலை மாணவருக்கு ஆலோசனை சொல்லுறவவிட்டைப் போனனான். என்ர சிநேகிதிக்கு எண்டு சொல்லிக் கேட்டன். அவ நேரா ஒரு பதிலும் சொல்லேல்லை. ஒவ்வொருத்தற்றை நிலைமையையும் தனித்தனியாத்தான் பாப்பினமாம், வெட்டுவினம் எண்டும் இல்லை, வெட்ட மாட்டினம் எண்டும் இல்லையாம். பிறகு என்னை ஒரு மாதிரிப் பாத்து, "உன்ர சிநேகிதி அதைக் கமராவிலை சொல்ல முதல் ரெண்டு தரம் யோசிக்கட்டும்" எண்டா.

நான் ரெண்டு தரம் யோசிச்சன். பயந்திட்டன் அம்மா. எனக்கு இந்தப் படிப்பு வேணும். படத்தை இருந்த மாதிரியே விடச் சொல்லிப்போட்டன். விதுஷாவுக்கு மூஞ்சி ஒரு முழம் நீண்டிட்டுது, ஆனால் ஓம் எண்டிட்டா. நான் பெரிய வீரம் கதைச்சு எழுதினனான். இப்ப உங்கட தலையிலை ஏறி நிண்டு படிக்கிறன் எண்டு நினைக்க வெக்கமா இருக்கு.

ஏப்ரல் 26 சனிக்கிழமை ஹோலிலை போடுறா. நான் வர மாட்டன். ஒரே ஹோலுக்குள்ளை நீங்கள் நிண்டால் என்ர முகம் காட்டிக்குடுத்திடும். நீங்களும் போகாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

கோசிகா

•

ஈஸ்ட் ஹாம்
28 ஏப்ரல் 2025

பிள்ளை,

போனனான். போகாமல் ஒளிச்சிருந்தால், ஏன் வரேல்லை, ஏதோ மறைக்கிறாள் எண்டு தோண்டத் தொடங்கிடுவினம். நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு மூண்டாவது வரிசையிலை இருந்தன்.

நீ வடிவா இருக்கிறாய். தலைமயிர் தோள் வரைக்கும் வளந்திட்டுது. வெள்ளை உடுப்போடை ஹொஸ்பிற்றலுக்குள்ளை நடந்து போறாய், ஒரு கிழவன்ர கையைப் பிடிச்சு மெசினிலை வைக்கிறாய். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கை தட்ட வந்திட்டுது, மடிக்குள்ளை பொத்திக்கொண்டு இருந்தன்.

ஆனால் நீ எனக்கு ஒண்டை மறைச்சுப்போட்டாய். வெளிக்கிட்ட அந்த முதல் மாதம் சவுத்தாலுக்குப் போய் சீக்கியரின்ர குருத்துவாராவிலை வரிசையிலை இருந்து சாப்பிட்டனி எண்டு படத்திலை சொல்லுறாய். ரொட்டியும் பருப்பும், கேள்வி கேக்காமல் போட்டவை எண்டு சிரிச்சுக்கொண்டு வேறை சொல்லுறாய். ஐயோ பிள்ளை! அந்த மாதம் நான் மூண்டு பேருக்குச் சோறு போட்டிட்டு மிச்சத்தைக் கொட்டினனான். பழகின கை, குறைச்சுப் போட வரேல்லை. உனக்குப் போட்டவை நல்லா இருக்க வேணும், ஆர் பெத்ததுகளோ.

அதுக்குப் பிறகு படத்திலை நான் வந்தன். சொன்னன்.

படம் முடிய ஒரு சின்னப் பெட்டை எழும்பி மைக்கிலை சொன்னாள், அந்த அம்மா இஞ்சை இருந்தால் வெக்கப்பட வேணும் எண்டு. பெடி பெட்டையள் எல்லாம் கை தட்டிச்சினம். எனக்கு அவளைப் பிடிச்சுக்கொண்டுது. உனக்காகத்தானே எழும்பினவள். தாங்க ஏலாமல் போனது மற்றப் பக்கம். கோயில் கமலேஸ்வரி அக்கா வந்து என்ர கையைப் பிடிச்சு, "சரியாச் சொன்னாய் செல்வமலர், உப்பிடித்தான் இருக்க வேணும், நீதான் மானமுள்ள தாய்" எண்டு சொன்னா. அவவுக்குப் பின்னாலை இன்னும் நாலைஞ்சு பேர். ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டு தலையாட்டினன். என்ர வாழ்க்கையிலை ஒருத்தரும் என்னை இவ்வளவு மெச்சினதில்லை.

அப்பா பின்னுக்கு நிண்டு பாத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டாமல் குசினி வாசலிலை நிண்டார். "கலைச்சது நான்தான். அது என்ர விசர்க்கோவம். அதுக்காக அது செத்திட்டுது எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை. நீ பெத்தனி. உனக்கு எப்பிடி அந்தச் சொல் வாயிலை வந்தது?" எண்டு கேட்டார். கத்தேல்லை, மெதுவாத்தான் கேட்டார்.

நான் சோத்தைப் போட்டு மேசையிலை வைச்சன். அண்டையிலயிருந்து அவர் என்ர கையாலை ஒண்டும் சாப்பிடுறதில்லை. கடையிலை பணிஸ் வாங்கிக்கொண்டு வந்து அறைக்குள்ளை வைச்சுச் சாப்பிடுறார். சனம் ஏசினது எனக்குத் தூசு. உன்னை வெளியிலை விட்ட மனிசன் என்னைப் பாத்து நீ ஒரு தாயோ எண்டு நிக்கிறதைத் தாங்க என்னாலை ஏலாமல் கிடக்கு.

உன்ர யூனி எங்கை இருக்கெண்டு படத்திலை பாத்திட்டார். நேற்று ரஞ்சனாவிட்டையும் ஏதோ விசாரிச்சவராம். வந்தாலும் வருவார், கவனம். நீ கதைக்கிறதோ விடுறதோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

அம்மா

•

லூயிஷம்
15 மே 2025

அம்மா,

அப்பா வந்தவர். இண்டைக்கு.

வகுப்பு முடிஞ்சு நாங்கள் நாலைஞ்சு பேர் வெளியிலை வந்தம். என்ர ரியூட்டரும் கூட வந்தவ. எனக்கு வீட்டோடை ஒரு தொடர்பும் இல்லை எண்டு தன்ர கையொப்பம் வைச்சு லோனுக்குக் கடிதம் தந்தவ அவதான். கேற்றுக்குப் பக்கத்திலை அப்பா நிண்டார். கடைக்குப் போடுற அந்தக் கறுப்பு ஜக்கெற். மெலிஞ்சு போனார். தலை முழுக்க நரைச்சிட்டுது, நீங்கள் அதைச் சொல்லேல்லை.

எனக்கு அவரிலை கோவம் போகேல்லை அம்மா. உண்மையைச் சொல்லுறன். கண்டால் என்னென்ன கேக்க வேணும் எண்டு மூண்டு வருஷமா மனசுக்குள்ளை அடுக்கி வைச்சிருந்தனான். ஆனால் அவர் நேரா எனக்கு முன்னாலை வந்து நிண்டு "பிள்ளை" எண்டார். கோவம், கேள்வி எல்லாம் எங்கையோ போச்சு. அப்பா எண்டு சொல்லத்தான் வாய் எழும்பினது.

ரியூட்டர் என்னைப் பாத்து, "உனக்கு இவரைத் தெரியுமா?" எண்டு கேட்டா.

"இல்லை" எண்டன்.

அவர் என்னைப் பாத்தார். ரியூட்டரைப் பாத்தார். பிறகு இங்கிலீஷிலை, "சொறி, வேறை ஆள் எண்டு நினைச்சிட்டன்" எண்டு அவவுக்குச் சொல்லி, கையைக் கூப்பினார். வெள்ளைக்காரிக்குக் கை கூப்புறார் அம்மா. திரும்பி பஸ் ஸ்ரொப் பக்கம் நடந்தார். நான் மற்றப் பக்கம் நடந்தன். கூட வந்தவை ஏதோ பகிடி சொல்லிச் சிரிச்சினம், நானும் சிரிச்சன்.

இதை எழுதுற இந்த நேரம் அவர் வீட்டை வந்திருப்பார். என்னை ஏசுறாரோ, உங்களை ஏசுறாரோ தெரியாது. இனி என்னை வெறுப்பார். அவர் எப்பிடி இருக்கிறார் எண்டு மட்டும் எழுதுங்கோ. பொய் எழுதாதேங்கோ.

கோசிகா

•

ஈஸ்ட் ஹாம்
18 மே 2025

பிள்ளை,

பொய் எழுதேல்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுறன்.

வியாழக்கிழமை அவர் பொழுதுபடத்தான் வந்தவர். எனக்கு உன்ர கடிதம் அப்ப கிடைக்கேல்லை, எங்கை போய் வாறார் எண்டும் தெரியாது. கதிரையிலை இருந்து, "சோறு இருக்கோ?" எண்டு கேட்டார். நான் ஓடிப்போய்ப் போட்டன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"பிள்ளையின்ர யூனிப் பக்கம் போனனான். கிட்டப் போகேல்லை. றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டு பாத்தனான். நாலைஞ்சு பேரோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போகுது. கழுத்திலை அட்டை போட்டிருக்கு. கோசிகா எண்டு பேர் எழுதியிருக்கு. நல்லா இருக்குது, நீ கவலைப்படாதை."

நேற்று ரஞ்சனா உன்ர கடிதத்தைத் தந்தவ. வாசிச்சிட்டு அவரைப் போய்ப் பாத்தன். வீட்டு ஹோலிலை இருந்து ரிவியிலை கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தார். றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்ட மனிசன் கழுத்து அட்டையிலை இருந்த பேரை எப்பிடி வாசிச்சதெண்டு நான் கேக்கேல்லை. "இன்னொருக்காச் சொல்லுங்கோ, பிள்ளை எப்பிடி இருந்தது?" எண்டு மட்டும் கேட்டன்.

ரிவியை நிப்பாட்டிப்போட்டு முதலிலயிருந்து சொன்னார்.

அம்மா